பி.டி.எஸ்.டி. உள்ளவரோடு வாழ்பவர்களுக்கு: எந்தப் புத்தகம், எந்த வரிசையில், எப்படிப் படிப்பது

சாலை விபத்து ஒன்றுக்குப் பிறகு என் தம்பிக்கு பி.டி.எஸ்.டி. (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில் நான் ஐந்து புத்தகங்கள் வாங்கினேன். அதில் ஒன்றை இரண்டே நாளில் பாதி முடித்து, பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் "இது நீதான்!" என்று எழுதி அவன் மேசையில் வைத்தேன். மூன்று வாரம் கழித்தும் அது அதே இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. மேலே போன் சார்ஜர் சுருண்டிருந்தது. படித்தாயா என்று கேட்டேன். "அக்கா, நீ எப்போ டாக்டர் ஆன?" என்றான்.

அந்தக் கேள்விக்கு அன்று பதில் இல்லை. இப்போது யோசித்தால், எனக்கு உண்மையில் உதவிய பக்கங்கள் எல்லாமே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைப் பற்றியவை. அவன் ஏன் இப்படி இருக்கிறான் என்று விளக்கிய பக்கங்கள் ஆறுதலாக இருந்தன, அவ்வளவுதான். கீழே உள்ள வரிசை அந்த அனுபவத்தில் வந்தது. கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறந்தவர், நெருங்கிய நண்பர் என்று யாராக இருந்தாலும் பொருந்தும். இதில் வரும் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

புத்தகத்தை மூடி வைக்க வேண்டிய நேரம்

அவர் சாவைப் பற்றிப் பேசுகிறார், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறார், வீட்டில் யார் மீதாவது கை வைக்கிறார், குடியோ மாத்திரையோ கட்டுக்குள் இல்லை என்றால் இந்தக் கட்டுரையும் வேண்டாம், எந்தப் புத்தகமும் வேண்டாம். உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ தொடர்புகொள்ளுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்கலாம், கேட்க வேண்டும். உங்கள் மீதே கை வைக்கிறார் என்றால், முதலில் நீங்கள் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும்.

படி 1: ஒரு மணி நேரத்தில் முடிகிற ஒன்றிலிருந்து தொடங்குங்கள்

முதல் நாளே நானூறு பக்கப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறையின் கீழ் இயங்கும் தேசிய பி.டி.எஸ்.டி. மையம் குடும்பத்தினருக்கென்றே எளிமையான கையேடுகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. போர் தொடர்பான உதாரணங்கள் கொஞ்சம் அதிகமாக இருக்கும், ஆனால் அடிப்படை எல்லோருக்கும் ஒன்றுதான். குடும்பத்தினருக்காக 'பி.டி.எஸ்.டி. ஃபேமிலி கோச்' என்ற செயலியும் அவர்களுடையதுதான்.

இந்தக் கட்டத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. பி.டி.எஸ்.டி. என்ற பெயர் மனநல மருத்துவத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் வந்தது 1980-இல். இப்போது அதன் அறிகுறிகளை நான்கு கூட்டமாகப் பிரிக்கிறார்கள்: நடந்தது திரும்பத் திரும்ப நினைவிலும் கனவிலும் வந்து மோதுவது, அதை நினைவுபடுத்தும் எதையும் தவிர்ப்பது, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் மோசமாகவே நினைப்பதும் பாசம்கூட மரத்துப்போவதும், எப்போதும் உஷாராக, எரிச்சலாக, தூக்கமில்லாமல் இருப்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அந்தப் பெயர்.

மூன்றாவது கூட்டத்தை நான் சரியாகக் கவனிக்கவே இல்லை. கெட்ட கனவும் திடுக்கிடலும் நோய் என்று உடனே புரிந்தது. ஆனால் என் குழந்தையைத் தூக்கக்கூட மாட்டேன் என்கிறானே, அது திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையேட்டில் இரண்டு வரி படித்ததும் அந்தக் கோபம் பாதி போனது.

படி 2: உங்களைத் தூங்க விடாத கேள்வி எது?

இதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே வரி போதும். "ஏன் என்னிடம் மட்டும் எரிந்து விழுகிறார்?" "சிகிச்சைக்கு வர மாட்டேன் என்கிறாரே?" "இது எப்போதாவது சரியாகுமா?" "நான் இன்னும் எவ்வளவு நாள் தாங்குவேன்?" ஒவ்வொன்றுக்கும் புத்தகம் வேறு. அதோடு, நடந்தது என்ன என்பதும் முக்கியம். ஒரு விபத்தில் தப்பியவரும், பல வருடங்கள் சிறுவயதில் வதைபட்டவரும், போரிலிருந்து திரும்பியவரும் ஒரே பெயருள்ள நோயோடு இருக்கலாம், வீட்டில் அது தெரிகிற விதம் ஒன்றாக இருக்காது.

நான் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தேன். அதனால்தான் ஐந்து புத்தகம் வாங்கி மூன்றை வீணாக்கினேன்.

படி 3: குடும்பத்தினருக்காகவே எழுதப்பட்டதை முதலில் எடுங்கள்

கடைகளில் முன்வரிசையில் இருப்பவை பாதிக்கப்பட்டவருக்கோ சிகிச்சை அளிப்பவருக்கோ எழுதப்பட்டவை. பக்கத்தில் இருப்பவருக்கான புத்தகங்கள் குறைவு, தேடித்தான் எடுக்க வேண்டும்.

அஃப்ரொடைட்டி மட்சாகிஸ் எழுதிய 'லவ்விங் சம்ஒன் வித் பி.டி.எஸ்.டி.' (2014) நான் முதலில் பரிந்துரைப்பது. அவர் படைவீரர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் நீண்ட காலம் பணியாற்றிய உளவியலாளர். புத்தகம் வாழ்க்கைத் துணையை மனதில் வைத்து எழுதப்பட்டது. அக்காவான எனக்குத் தேவையில்லாத பகுதிகள் இருந்தன, தாண்டிவிட்டேன். ஆனால் எது அவரைத் தூண்டிவிடுகிறது, கோபம் வரும்போது நம் எல்லை எங்கே என்பதையெல்லாம் இவ்வளவு நிதானமாகப் பேசும் புத்தகம் வேறு எனக்குக் கிடைக்கவில்லை.

சிந்தியா ஆரஞ்சின் 'ஷாக் வேவ்ஸ்' (2010) வேறு சுபாவம். எழுதியவரின் கணவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். பி.டி.எஸ்.டி. உள்ளவரோடு வாழும் பலரின் குரல்கள் இதில் வருகின்றன. 'நமக்கு மட்டும்தான் இப்படியா' என்று தோன்றும் இரவில் இதைத் திறக்கலாம். இதே வழியில் இன்னும் முந்தையது பேஷன்ஸ் மேசனின் 'ரிகவரிங் ஃப்ரம் த வார்' (1990). அவரும் வியட்நாமில் ஹெலிகாப்டர் ஓட்டியவரின் மனைவி. காலம் பழையது, சிகிச்சைத் தகவலுக்கு இதை நம்ப வேண்டாம், வீட்டுக்குள் நடப்பதற்குப் படிக்கலாம்.

சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் துணையாக இருப்பவர்களுக்கு லாரா டேவிஸின் 'அலைஸ் இன் ஹீலிங்' (1991) என்று ஒன்று இருக்கிறது. கேள்வி-பதில் வடிவில் போவதால் நடுவில் எங்கு வேண்டுமானாலும் திறக்கலாம். ஒரு எச்சரிக்கை: இவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய முந்தைய புத்தகம், மறந்துபோன நினைவுகளைத் தோண்டி எடுப்பது பற்றிச் சொன்னவற்றுக்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. நினைவைப் பற்றிய பகுதி வரும்போது மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நின்று படியுங்கள்.

படி 4: பெரிய புத்தகங்கள், ஆனால் தலைகீழ் வரிசையில்

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது பெசல் வான் டெர் கோல்க் எழுதிய 'தி பாடி கீப்ஸ் த ஸ்கோர்' (2014). நானும் அதைத்தான் எடுத்தேன். தம்பியின் மேசையில் கவிழ்ந்து கிடந்ததும் அதுதான். இப்போது யாராவது கேட்டால், அதற்கு முன் ஜூடித் ஹெர்மனின் 'ட்ராமா அண்ட் ரிகவரி'யை (1992) படியுங்கள் என்கிறேன்.

ஹெர்மன் ஒரு மனநல மருத்துவர். மீட்சியை மூன்று கட்டமாக விவரிக்கிறார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைத்துத் துக்கப்படுவது, அப்புறம் வாழ்க்கையோடு மறுபடி சேர்வது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதைப் படித்தபோதுதான் நான் செய்துகொண்டிருந்த தவறு முழுதாகத் தெரிந்தது. தம்பி ராத்திரி தூங்குவதே இரண்டு மணி நேரம். சாப்பாடு ஒழுங்கில்லை. கதவைச் சாத்தினால் உடம்பு தூக்கிப்போடும். அந்த நிலையில் இருந்தவனிடம் நான், "மனசுல வச்சுக்காத, என்ன நடந்ததுன்னு முழுசாச் சொல்லு, பாரம் குறையும்" என்று வாரம் ஒருமுறை உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் கட்டத்தில் இருந்தவனை இரண்டாவது கட்டத்துக்கு இழுத்தேன். பாரம் குறையவில்லை, என் பைக் சத்தம் கேட்டாலே அறைக்குள் போய்விடுவான்.

ஹெர்மன் புத்தகத்தின் இரண்டாம் பாதிதான் இந்தக் கட்டங்களைப் பற்றியது. முதல் பாதியில் கொடுமைகள் எப்படி மனதைச் சிதைக்கின்றன என்பது வருகிறது. அருமையான எழுத்து, ஆனால் கனமானது. இரண்டாம் பாதியை முதலில் படித்துவிட்டு, தெம்பு இருந்தால் முன்னால் போகலாம். ஒழுங்காகப் படிப்பவர்களுக்கு இது பிடிக்காது, பரவாயில்லை.

அதன் பிறகு வான் டெர் கோல்க். மூளை, உடம்பு, நினைவு மூன்றும் அதிர்ச்சியில் எப்படிச் சிக்கிக்கொள்கின்றன என்று பாமரருக்கும் புரியும்படி எழுதியிருப்பது உண்மை. "எல்லாம் முடிஞ்சு போச்சே, இன்னும் என்ன பயம்?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல இது உதவும். இரண்டு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். ஒன்று, நோயாளிகளின் கதைகள் பச்சையாக, விவரமாக வருகின்றன. பாதிக்கப்பட்டவர் கையில் சட்டென்று கொடுக்கக் கூடியது அல்ல. இரண்டு, கடைசிப் பகுதியில் யோகா, நாடகம், நியூரோஃபீட்பேக் (மூளை அலைகளைத் திரையில் காட்டிப் பழக்கும் முறை) என்று பல வழிகளைச் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒரே அளவு கிடையாது. படித்த உற்சாகத்தில் டாக்டரை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள்.

போர் அனுபவம் உள்ளவர் என்றால் ஜொனாதன் ஷேயின் 'அக்கிலீஸ் இன் வியட்நாம்' (1994) இருக்கிறது. ஹோமரின் இலியட் காவியத்தையும் வியட்நாம் வீரர்களின் அனுபவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். தான் செய்ததும், மேலதிகாரி செய்த துரோகமும் ஒருவரை எப்படி அரிக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் நான் பார்க்கவில்லை. சிறுவயது முழுக்கக் கொடுமையில் கழித்தவர்களுக்கு 'காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி.' என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இப்போது தனிப் பெயர் உண்டு. அதே பெயரில் பீட் வாக்கர் எழுதிய புத்தகம் (2013) பலருக்குப் பிடிக்கிறது. ஆராய்ச்சியைவிட அவருடைய சொந்த அனுபவமும் சிகிச்சை அனுபவமும்தான் அதில் அதிகம் என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

படி 5: சிகிச்சையைப் பற்றி ஒன்றாவது படியுங்கள்

பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இது. எனக்கு மிகவும் உதவியதும் இதுதான்.

நல்ல ஆதாரம் உள்ள பேச்சு சிகிச்சைகள் சில உண்டு. எட்னா ஃபோவா உருவாக்கிய 'ப்ரொலாங்டு எக்ஸ்போஷர்' பயந்து ஒதுக்கியதைப் பாதுகாப்பாக, படிப்படியாக அணுக வைக்கிறது. பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள். பட்ரீஷியா ரெசிக் உருவாக்கிய சி.பி.டி. ('காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி') நடந்ததைப் பற்றி மனதில் இறுகிப்போன எண்ணங்களைக் கேள்வி கேட்கப் பழக்குகிறது. வழக்கமாக 12 அமர்வுகள். நடந்ததை மனதில் வைத்துக்கொண்டே கண்களை இடமும் வலமுமாக அசைக்க வைக்கும் இ.எம்.டி.ஆர். மூன்றாவது. ரெசிக்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் எழுதிய 'கெட்டிங் அன்ஸ்டக் ஃப்ரம் பி.டி.எஸ்.டி.' (2023) பாதிக்கப்பட்டவருக்கான பயிற்சிப் புத்தகம். பக்கத்தில் இருப்பவர் புரட்டினாலும் சிகிச்சை அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும். கேண்டிஸ் மான்சனும் ஸ்டெஃபனி ஃப்ரெட்மனும் தம்பதிகளுக்கென்று 15 அமர்வுச் சிகிச்சை ஒன்றை வடிவமைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகம் (2012) சிகிச்சையாளருக்கானது, நீங்கள் வாங்க வேண்டாம். இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் டாக்டரிடம் கேட்கலாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இவற்றையெல்லாம் படித்தபோது திரும்பத் திரும்ப வந்த விஷயம் ஒன்று: தவிர்ப்பதுதான் நோயை உயிரோடு வைத்திருக்கிறது. அந்தத் தவிர்ப்புக்கு வீட்டில் உள்ளவர்கள் அன்பாகவே துணை போகிறார்கள். எங்கள் வீட்டையே பாருங்கள். தம்பி காரில் முன் சீட்டில் உட்கார மாட்டான், சரி, நாங்கள் யாருமே உட்காரவில்லை. விபத்து நடந்த சாலை வேண்டாம் என்று இருபது நிமிடம் சுற்றிப் போனோம். செய்தியில் விபத்து வந்தால் நான் பாய்ந்து ரிமோட்டை எடுப்பேன். அவனுக்கு வரும் போன்களை அம்மா எடுத்துப் பேசினார். ஆறு மாதத்தில் வீட்டில் எல்லோருடைய உலகமும் அவனுடைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவனுக்குப் பயம் ஒரு துளி குறையவில்லை.

இதைப் படித்துவிட்டு மறுநாளே அவரை அந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அது சிகிச்சை ஆகாது, வதை. அவர் சிகிச்சையில் இருந்தால், நீங்கள் எதில் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று பட்டியல் போட்டு, அவருடைய சம்மதத்தோடு சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். எதை முதலில், எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சேர்ந்து சொல்வார்கள். எங்கள் பட்டியலில் முதலில் போனது போன். மிகச் சின்ன விஷயம்தான், ஆனால் அவனே எடுத்து "ஹலோ" சொன்ன அன்று அம்மா சமையலறையில் அசையாமல் நின்றார்.

படி 6: படிக்கும் முறை

இதுவரை சொன்னதைவிட இது குறைவான விஷயம் போலத் தோன்றும், ஆனால் தவறுவது இங்கேதான்.

இரவில் படுக்கும் முன் படிக்காதீர்கள். பத்து, பதினைந்து பக்கம் போதும். நோயாளிகளின் கதை வந்து தொண்டை அடைத்தால் பக்கத்தைத் தாண்டுங்கள், இது பரீட்சை கிடையாது. அவர் கண்ணில் படும்படி அட்டை தெரிய வைக்கவும் வேண்டாம், திருட்டுத்தனமாக ஒளித்து வைக்கவும் வேண்டாம். கேட்டால், "எனக்கு எப்படி நடந்துக்கணும்னு தெரியல, அதான் படிக்கிறேன்" என்று சொன்னால் முடிந்தது.

முக்கியமாக, ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் எடுங்கள். நான் ஒரு சின்ன நோட்டில் இடது பக்கம் படித்ததையும், வலது பக்கம் அந்த வாரம் நான் செய்யப்போவதையும் எழுதினேன். வலது பக்கத்தில் அவன் பெயர் வரக் கூடாது என்பது விதி. அதிலிருந்து இரண்டு:

கெட்ட கனவில் கத்தினால் முன்பெல்லாம் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்குவேன். ஒருமுறை அவன் கை என் தாடையில் பட்டது, அதற்காக இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது அறை வாசலிலேயே நின்று, விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். "உன் ரூம்லதான் இருக்க. நான் அக்கா. மணி மூணு." தொடுவதில்லை.

காரில் அவன் கதவுக்கு மேலே உள்ள பிடியை இறுக்கும்போது "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பேன். அவனுக்கு ஒன்றுமில்லாமல் இல்லையே! இப்போது இருப்பதைச் சொல்கிறேன்: "சிக்னல் வருது, பிரேக் போடறேன். இன்னும் பத்து நிமிஷம்." விரல்கள் தளர்வது கண்ணாடியில் தெரியும்.

அம்மா ஆங்கிலப் புத்தகம் படிக்க மாட்டார். நான் படித்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன், குழம்பிப்போனார். அப்புறம் இந்த வலது பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டத் தொடங்கினேன். அது வேலை செய்தது.

படி 7: அவர் கையில் கொடுக்கலாமா?

கோடு போட்ட புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். கோடு போட்ட புத்தகம் ஒரு குற்றப்பத்திரிகை மாதிரிதான் இருக்கும். அவரே கேட்டால் கொடுங்கள். சிகிச்சையில் இருந்தால், எதைப் படிக்கலாம் என்று சிகிச்சையாளரைக் கேட்கச் சொல்லுங்கள், நடுவில் நீங்கள் நிற்க வேண்டாம். புத்தகமே வேண்டாம், சும்மா மனதை நிதானப்படுத்த ஏதாவது வேண்டும் என்றால், உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 'டூயிங் வாட் மேட்டர்ஸ் இன் டைம்ஸ் ஆஃப் ஸ்ட்ரெஸ்' இருக்கிறது. படங்களோடு கூடிய இலவச வழிகாட்டி, பல மொழிகளில் கிடைக்கிறது, பயிற்சிகளுக்கு ஒலிப்பதிவும் உண்டு. பி.டி.எஸ்.டி.க்கான சிகிச்சை அல்ல அது. ஆனால் நடந்தது என்ன என்று கேட்காத புத்தகம் என்பதால் பயமில்லாமல் திறக்கலாம். உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 8: உங்களுக்காக ஒன்று

லாரா வான் டெர்நூட் லிப்ஸ்கியின் 'ட்ராமா ஸ்டூவர்ட்ஷிப்' (2009). பிறர் துன்பத்தோடு நாளெல்லாம் வேலை செய்பவர்களுக்காக எழுதப்பட்டது, வீட்டில் இருப்பவர்களுக்கும் பொருந்துகிறது. நடுநடுவே கேலிச்சித்திரங்கள் வருவதால் மூச்சு விட முடிகிறது. 'என்ன செய்தாலும் போதவில்லை' என்ற எண்ணம், எல்லாவற்றின் மீதும் எரிச்சல், எப்போதும் அசதி என்று அவர் போடும் பட்டியலில் எத்தனை உங்களுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எனக்குப் பாதிக்கு மேல் இருந்தது. அந்த வாரம் நோட்டின் வலது பக்கத்தில் 'எனக்கு ஒரு கவுன்சலர்' என்று எழுதினேன்.

படி 9: வாங்கும் முன் ஐந்து நிமிடம்

பொருளடக்கத்தையும் எழுதியவர் குறிப்பையும் பாருங்கள். ஒரே ஒரு முறைதான் தீர்வு, மற்றவை எல்லாம் வீண் என்று சொல்கிறதா? இத்தனை நாளில் குணம் என்று நாள் கணக்கு தருகிறதா? மன்னித்தால் எல்லாம் சரியாகும் என்று பாதிக்கப்பட்டவர் தலையிலேயே கட்டுகிறதா? மாத்திரையை நிறுத்தச் சொல்கிறதா? கடைசி அத்தியாயம் எழுதியவரின் கட்டண வகுப்புக்கு ஆள் பிடிக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் திரும்ப வைத்துவிடுங்கள். நான் வாங்கிய ஐந்தில் ஒன்று இந்த ரகம். அதை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அலமாரியில் ஒரு கால் கொஞ்சம் குட்டை, இப்போது அதன் அடியில் இருக்கிறது.